தட்டு காலியாக இருந்தது

செப்டம்பர் 4

கால் விரல் புண் ஆறிவிட்டது. டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு ஓர் ஊசியை எடுத்தார். எங்கே குத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். இடது பாதத்தில் ஏற்கெனவே குத்தி முடித்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் காலில் உணர்ச்சி போய்விட்டதாம். சர்க்கரை செய்த வேலை. இனி ஆணி ஏறினாலும் எனக்குத் தெரியாதாம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஜெரால்டு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஒரே மகன் என்பதால் கவலையையும் அவன் ஒருவனே படுகிறான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னான்:

"மூணு மாசம் பாப்போம்மா. சுகர் இறங்குனா நீங்க இங்கயே இருங்க. இறங்கலைன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துரணும்."

அவனுடைய வீடு பதினோராவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டாரின் துணி தெரியும். மருமகள் நல்லவள், ஆனால் அது அவளுடைய சமையலறை. பாளையங்கோட்டையில் இந்த வீட்டை அவரும் நானும் சேர்ந்து கட்டினோம். அவர் இங்கிருந்துதான் போனார். நானும் இங்கிருந்துதான் போவேன். இதை ஜெரால்டிடம் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 5

ஆஸ்பத்திரியில் நிவேதா என்ற பெண் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுத்தாள். தட்டில் பாதி காய்கறி, கால் பாகம் சோறு, மீதிக் கால் பாகம் பருப்போ மீனோ முட்டையோ. மேஜையில் உட்கார்ந்து, டிவி இல்லாமல், நன்றாக மென்று, பேச்சைக் குறைத்துச் சாப்பிட வேண்டும். இரண்டாம் முறை போட்டுக்கொள்ளக் கூடாது. இனிப்பு வீட்டிலேயே இருக்கக் கூடாது. பாகற்காய் அடிக்கடி சேர்க்க வேண்டும்.

சிரிப்பு வந்தது. மலைமேல் இருந்த கான்வென்ட்டில், மதர் க்ளோடில்டின் கண்ணுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஒழுங்காகச் சாப்பிடுவதை இந்தச் சின்னப் பெண் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். மேஜையில்தான் என்றேன்.

சாயங்காலம் சொர்ணமும் நானும் மேஜையைக் காலி செய்தோம். பழைய நாளிதழ்கள், மாத்திரை அட்டைகள், அவருடைய கண்ணாடிக்கூடு, மடித்து வைத்த போர்வைகள் எல்லாம் இருந்தன. நாளிதழ்களில் அடியில் கிடந்தது அவர் இறந்த வாரத்தது. அல்வா, ரஸ்க், மிக்சர் அனைத்தையும் சொர்ணம் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இவ்வளத்தையும் நீங்க ஒத்தையிலயா வச்சிருந்தீய?" என்று கேட்டாள். சொர்ணம் நல்ல வேலைக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

செப்டம்பர் 9

பசி. நாலு மணிக்குக் கை தானாக ரஸ்க் டப்பாவைத் தேடிப் போகிறது. டப்பாவில் சொர்ணம் பாசிப்பயறு போட்டு வைத்திருக்கிறாள்.

ஒன்றைச் செய்வதென்றால் முறையாகச் செய்ய வேண்டும். எங்கள் கான்வென்ட்டின் முறையையே எடுத்துக்கொண்டேன். கோயில் வாசல் கடையில் ஒரு சிறிய வெண்கல மணி வாங்கி வந்தேன். மணி அடித்து ஜெபம் சொல்லி உட்கார வேண்டும். அடுத்த மணி அடிக்கும் வரை பேசக் கூடாது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. எல்லோரும் முடிக்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. கடைசி விதி எனக்குப் பொருந்தாது, நான் ஒருத்திதான். இருந்தாலும் விதி விதிதான்.

மதர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். இடுப்பில் சாவிக்கொத்து. சத்தம் நெருங்கினால் முதுகு நிமிரும், சத்தம் நின்றால் யாருடைய தட்டிலோ ஏதோ மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் மணி அடித்து, "ஆண்டவரே, எங்களையும் நாங்கள் உண்ணப்போகும் இந்த உணவையும் ஆசீர்வதியும்" என்று சொல்லி உட்கார்ந்தபோது சொர்ணம் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "நீங்க ஒத்தை ஆளு. யாருக்கம்மா மணி அடிக்கீய?"

செப்டம்பர் 17

பாகற்காய். முடித்தேன்.

செப்டம்பர் 20

இன்றும் பாகற்காய். அதைப் பார்த்தாலே அமலியின் நினைவு வருகிறது. இத்தனை வருடம் அவளை நினைத்ததே இல்லை.

அமலோற்பவம் என்பது முழுப்பெயர். தூத்துக்குடிப் பெண். ஏழாம் வகுப்பில் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். மாடிப்படியில் விழுந்து முன்பல் ஒன்றைப் போக்கிக்கொண்டவள். அதனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கு வீட்டுச் சாப்பாடு தவிர எதுவும் இறங்காது. பாகற்காய் அன்று கண்ணில் நீர் நிற்கும். முடிக்காவிட்டால் கூடமே காத்திருக்க வேண்டும், மற்ற பெண்கள் எல்லோரும் அவளையே பார்ப்பார்கள்.

நான்தான் வழி கண்டுபிடித்தேன். மதர் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் முதுகைக் காட்டும் நேரத்தில், அமலி மேஜைக்கு அடியில் என் இடது காலை இரண்டு முறை தட்டுவாள். நான் தட்டை நெருக்கி வைப்பேன். அவளுடையதை ஒரே இழுப்பில் என் தட்டில் வழித்துவிடுவாள். மதர் திரும்பும்போது அவள் தட்டு காலி. மலைக் குளிர், எனக்கோ எப்போதும் பசி. யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கு என்மேல் அத்தனை நன்றி. "ஒருநா உன் தட்டையும் நான் காலி பண்ணித் தருவேன், பிரகாசி" என்று சொல்வாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். மதர் என்னை அழைத்து, அமலி சரியாகச் சாப்பிட்டாளா என்று கேட்டார். அவள் தட்டு தினமும் காலியாக இருந்தது என்றேன். அது உண்மைதான்.

செப்டம்பர் 28

இன்று மத்தியானம் சாப்பிடும்போது இடது காலை யாரோ தட்டினார்கள். இரண்டு முறை.

அந்தக் காலில் உணர்ச்சி கிடையாது. காலையில்தான் வாளி இடித்துத் தோல் சிராய்த்திருந்தது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் இது தெரிந்தது. சிறிய கால், வெறுங்கால், குளிர்ந்த கால்.

குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது என் தட்டு காலியாக இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்த ஞாபகம். கவனமில்லாமல் சாப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது. நிவேதாவிடம் சொன்னால் சத்தம் போடுவாள்.

செப்டம்பர் 29

மறுபடியும். மணி அடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவப் போனால் கை காய்ந்திருந்தது. குழம்பு வாசனை இல்லை.

அக்டோபர் 10

ரத்தப் பரிசோதனை. சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. நிவேதா எழுந்து வந்து என் கையைக் குலுக்கினாள். மற்ற நோயாளிகளுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டப் போகிறாளாம். அவளிடம் எங்கள் கான்வென்ட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தக் காலத்து ஒழுக்கமே தனி என்றாள். சரியாகச் சொன்னாள்.

ஜெரால்டு போனில் சிரித்தான். அவனுடைய அப்பா சிரிப்பது போலவே இருந்தது. கோயம்புத்தூர் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் 16

ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன்.

அக்டோபர் 22

பசியே இல்லை. நாலு மணிக்குக் கை எந்த டப்பாவையும் தேடுவதில்லை. மணி அடிப்பேன், ஜெபம் சொல்வேன், கைகளை மடியில் வைத்துக்கொள்வேன். காலில் இரண்டு தட்டல் விழும். தட்டை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துவேன். பிறகு மணி.

நேற்று பின்னால் சாவிச் சத்தம் கேட்டது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். சத்தம் நிற்காமல் கடந்து போனது. என் தட்டில்தான் ஒன்றும் மிச்சமில்லையே.

சொர்ணம் இன்று தட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பியும் பார்த்தாள். "நீங்க மெலிஞ்சுக்கிட்டே போறீயளேம்மா. நான் ஆக்குறது எல்லாம் எங்க போவுது?" என்றாள். ஆரோக்கியமாகச் சாப்பிட்டால் இளைக்கத்தான் செய்யும் என்று விளக்கினேன். மோதிரம் கழன்று விழுவதை அவளுக்குக் காட்டவில்லை. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அவருடைய கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசுவார், நான் கண்டிப்பேன். "சாப்பாட்டு மேசையில நீ எனக்குப் பொஞ்சாதியா, மதரா?" என்பார். அவர் இருந்தவரை எங்கள் மேஜையில் சத்தம்தான். மணியெல்லாம் வைக்க முடிந்திருக்காது.

ஒரு மெழுகுவர்த்தி அதிகமாக வாங்கியிருந்தேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. கொளுத்திப் பக்கத்தில் வைத்தேன்.

எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஓர் அம்மாள் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்து, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மத்தியானம் என்றேன். என்ன சாப்பிட்டேன் என்று அவர் கேட்டபோது, அன்றைய சமையல் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 14

நிவேதா இந்த முறை கை குலுக்கவில்லை. எடை போடும் இயந்திரத்தில் என்னை மறுபடி ஏறச் சொன்னாள். சர்க்கரை இறங்கியது போதாதென்று இப்போது தாழ்ந்துவிட்டதாம். தாழ்ந்தால் தூக்கத்திலேயே போய்விடும் ஆபத்து இருக்கிறதாம்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. சாப்பிடுறீங்களா, இல்லையா?"

என் தட்டு தினமும் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். இந்த வாக்கியத்தை எங்கேயோ முன்பும் சொன்ன நினைவு.

அவள் ஜெரால்டுக்குப் போன் செய்துவிட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஜெரால்டு வந்துவிட்டான். வாசலில் என்னைப் பார்த்தவன் பையைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

மத்தியானம் சாளை மீன் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் சொர்ணம் செய்திருந்தாள். அவனை எதிரில் உட்கார வைத்தேன். விதிகளைச் சொன்னேன். "சரி, மதர்" என்றான். மணி அடித்தேன்.

அவன் சாப்பிட்டான். நான் சாப்பிட்டேன். இரண்டாம் மணி அடித்தேன். அவன் தட்டில் பாதி அப்படியே இருந்தது. முடிக்கச் சொன்னேன். அவன் அசையவில்லை.

"அம்மா, நீங்க மடியிலேர்ந்து கையை எடுக்கவே இல்ல."

"என் தட்டைப் பார்."

"அதத்தாம்மா இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எழுந்து வந்து மேஜை விரிப்பைத் தூக்கி அடியில் பார்த்தான். ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். என் தட்டின் நடுவில் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலை முகர்ந்தான். பிறகு என் வலது கையை எடுத்து அதையும் முகர்ந்தான். சின்ன வயதில் பொய் சொன்னானா என்று பார்க்க நான் அவன் வாயை முகர்ந்து பார்ப்பது வழக்கம்.

வெளியே போய் வெகுநேரம் நின்றான். உள்ளே வந்து புதன்கிழமை கிளம்புகிறோம் என்றான். ஏன் என்று கேட்டேன். இந்த மேஜையில் நீங்கள் இனிமேல் உட்காரக் கூடாது என்றான். மேஜையைப் பார்க்காமலே சொன்னான். ஐம்பது வயதுக்காரன்.

நவம்பர் 24

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மாத்திரையால் மட்டும் ஆகாது, சோறு உள்ளே போக வேண்டும், இப்படியே விட்டால் கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டீர்கள் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

காரில் வரும்போது ஜெரால்டிடம் கேட்டேன். என் வீட்டில், என் மேஜையில், நானே சாப்பிட்டுக் காட்டினால் விட்டுவிடுவாயா என்று. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"என் கண்ணு முன்னாடி ஒரு வேளை முழுசா சாப்பிடுங்க. உங்க கையால. அப்புறம் பேசலாம்."

நவம்பர் 25

காலையிலேயே சொர்ணத்திடம் பாகற்காய் வைக்கச் சொன்னேன். வெல்லம் போடாமல், கசப்பாக, கான்வென்ட்டில் வைத்தது போல. மீனும் சோறும் எனக்கு. அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்தேன். அவருடைய தட்டு அல்ல, சிறியது, ஜெரால்டு பள்ளிக்குப் போன காலத்தில் சாப்பிட்டது. என் இடப்பக்க நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். மூன்று வட்டம் பாகற்காய், ஒரு கைப்பிடி சோறு. அதற்கு மேல் வைத்தால் அவள் பயந்துவிடுவாள்.

சொர்ணம் இரண்டு தட்டையும் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஜெரால்டு வாசற்படியில் நின்றான், உட்காரவில்லை.

மணி. ஜெபம்.

காலில் தட்டல் விழுந்தது. இரண்டு முறை.

மணிக்கும் மணிக்கும் இடையில் நான் இதுவரை பேசியதில்லை. கான்வென்ட்டில் பேசியதில்லை. இந்த இரண்டரை மாதமும் பேசியதில்லை. இன்று பேசினேன்.

"ஏட்டி அமலி. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. போதும். இது எனக்கு வேணும்."

மறுபடி தட்டினாள். அழுத்தி. என் தட்டு இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குத் தனித் தட்டு போட்டுருக்கேன். அது உன்னுது. அதுல நான் கை வைக்க மாட்டேன். மதரே வந்து நின்னாலும் வைக்க மாட்டேன்."

பின்னால் சாவிக்கொத்து குலுங்கியது. மெதுவாக வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. வாசற்படியில் நின்ற ஜெரால்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

சோற்றைப் பிசைந்தேன். விரல்களுக்குக் குழம்பின் சூடு தெரிந்தது. முதல் வாயை விழுங்க முடியவில்லை. இரண்டாவது இறங்கியது. உப்பும் புளியும் மீனும் ஒவ்வொன்றாக நாக்குக்கு வந்தன. மென்று, மென்று, கடைசிப் பருக்கை வரை நானே சாப்பிட்டேன். என் கையை ஜெரால்டிடம் நீட்டினேன். முகரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் தட்டு அப்படியே இருந்தது.

எல்லோரும் முடிக்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருந்தேன். கை காய்ந்தது. வெயில் மேஜையிலிருந்து இறங்கிச் சுவருக்குப் போனது. ஜெரால்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "எழுந்துருங்கம்மா" என்று ஒரு தடவை சொன்னான், அப்புறம் சொல்லவில்லை. சாவிச் சத்தம் நின்ற இடத்திலேயே நின்றது. இடப்பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சின்னப் பெண் அழுகையை அடக்கினால் கேட்கும் சத்தம்.

மதர் க்ளோடில்டு ஒரு நாளும் செய்யாததைச் செய்தேன். தட்டில் சாப்பாடு இருக்கும்போதே மணியை எடுத்து அடித்தேன்.

"முடிக்கலைன்னா பரவாயில்ல. போய் விளையாடு."

சாவிச் சத்தம் இன்னும் கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றது. பிறகு கூடத்தின் அந்தக் கோடிக்குப் போவது போலப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வீடு அவ்வளவு நீளமில்லை.

நவம்பர் 26, புதன்

காலைச் சாப்பாட்டையும் ஜெரால்டு பார்த்தான். இட்லி, சாம்பார், ஒரு முட்டை. பிறகு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தான். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என் பெட்டியை அவனே பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தான். மாதம் ஒருமுறை வருவேன் என்றான். போகும்போது சாப்பாட்டு அறையைச் சுற்றிக்கொண்டு, சமையலறை வழியாக வெளியே போனான்.

நவம்பர் 30

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நாலு மணிக்குப் பசிக்கிறது. பாசிப்பயறு சாப்பிடுகிறேன். மணியை எடுத்து வைத்துவிட்டேன். சொர்ணம் கதை சொல்லிக்கொண்டே பரிமாறுகிறாள், நான் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன். ஆனால் இடப்பக்க நாற்காலியில் மட்டும் அவள் உட்காருவதில்லை.

சின்னத் தட்டைத் தினமும் வைக்கிறேன். தினமும் அப்படியே திரும்புகிறது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

டிசம்பர் 3

ஜெரால்டு சொன்ன மூன்று மாதம் முடிகிறது. நான் இங்கே இருக்கிறேன்.

இன்று சின்னத் தட்டை எடுக்கப் போனபோது, மூன்று பாகற்காய் வட்டங்களில் ஒன்று கடிபட்டிருந்தது. எலி என்றாள் சொர்ணம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சின்ன வாய். பல் வரிசையின் அடையாளம் வரிசையாக இருந்தது, முன்னால் ஒரு பல்லின் இடம் மட்டும் கடிபடாமல் நின்றது.

விழுங்கவும் செய்திருக்கிறாள். கீழே துப்பியதாக எதுவும் இல்லை.

பழக்கம் அப்படித்தான் வரும். நாளைக்கும் மூன்று வட்டமே வைக்கலாம், கூட்ட வேண்டாம். அவசரம் ஒன்றுமில்லை. நான் இங்கேதான் இருப்பேன்.